ஏழாம் மதகின் டைமர்

இதைக் கேட்டுவிட்டு என் அம்மாவே சிரித்தாள். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் நான் கதை கட்டுகிறவள் இல்லை. என் தொழில் கடிகாரம் செய்வது. ஒரு நொடி பிசகினால்கூட எங்கே பிசகியது, ஏன் பிசகியது என்று தோண்டித் துருவிக் கண்டுபிடிக்கிற ஆள் நான். அப்படிப்பட்ட எனக்கு இன்றுவரை காரணம் தெரியாத பத்து நிமிடங்கள் இருக்கின்றன. என் கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை மட்டும் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

என் பெயர் அய்ஜமால். ஊர் ஓஷ், மலையடிவாரத்து நகரம். குபானும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். படித்து முடித்ததும் இருவரும் சேர்ந்து ஒரு சின்னப் பட்டறை தொடங்கினோம். எங்கள் பக்கத்துக் கிராமங்கள் மலைக் கால்வாயை நம்பிப் பிழைப்பவை. யாருக்கு எந்த நேரம் தண்ணீர் என்பதில் மண்டை உடையும். அதற்காகத்தான் அந்த டைமரைச் செய்தோம். மதகுக்கு ஒரு பெட்டி. எங்கிருந்து வேண்டுமானாலும் போனில் ஒரு செய்தி அனுப்பி நேரம் குறிக்கலாம். குறித்த நேரத்தில் மோட்டார் மதகைத் தூக்கிவிடும். வருடத்துக்கு ஒரு நொடிகூடத் தவறாது.

கடிகாரமும் செய்தியை வாங்கும் பகுதியும் என் வேலை. விற்பதும் பொருத்துவதும் குபான் வேலை. என் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவன் அவன்தான். கூடப்பிறந்தவனைக்கூட நான் அவ்வளவு நம்பியதில்லை.

போன பிப்ரவரியில் ஒருநாள் காலை அவன் கூப்பிட்டான்.

"அய்ஜா, ஏழாம் மதகுல தண்ணி மட்டம் காட்டுற சென்சார் மக்கர் பண்ணுது. போய்ப் பாத்துட்டு வர்றியா?"

"அது உன் ஏரியாடா."

"நான் பிஷ்கேக்ல மாட்டிக்கிட்டேன். நம்ம கம்பெனிய வாங்கறவங்க இந்த வாரம் கையெழுத்துப் போடறாங்க. எல்லாப் பெட்டி மெமரியையும் படிச்சுப் பாக்காம விக்கவிட மாட்டேன்னு நீதானே அடம் பிடிச்சே? அப்படியே அதையும் முடிச்சிரு."

"தாஷ்மாமத் அண்ணன் இருப்பாரில்ல?"

"அவர் ரஷ்யாவுக்குப் போயிட்டாரு. கட்டட வேலைக்கு."

தாஷ்மாமத் ஏழாம் மதகின் காவல்காரர். பெட்டி பொருத்திய அன்று என்னைக் கேலி செய்துகொண்டே இருந்தார். "ஏன் தங்கச்சி, இந்தப் பெட்டி என் வேலையத் தின்னுட்டு ஏப்பம் விடுமா?"

"உங்களைக் கேக்காம அது எதுவும் பண்ணாதுண்ணே. திறக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னால கத்த ஆரம்பிக்கும். வேண்டாம்னா உங்க போன்லேர்ந்து தள்ளிப்போடலாம். அஞ்சுன்னு அடிச்சா அஞ்சு நிமிஷம் தள்ளிப் போகும். மூணு தரம் 'பீப்' சொல்லும்."

"என் பொண்டாட்டிகூட இவ்வளவு சொன்ன பேச்சு கேக்க மாட்டா!" என்று சிரித்தார். மூன்று எண்களுக்குத்தான் அந்தப் பெட்டி கட்டுப்படும். என்னுடையது, குபானுடையது, அவருடையது. வேறு எந்த எண்ணிலிருந்து செய்தி வந்தாலும் அது மறுத்துவிடும். நான் அப்படித்தான் செய்திருந்தேன்.

வாடகைக் கார் என்னை மதகடியில் இறக்கிவிட்டபோது மணி 4:40. கால்வாய் காய்ந்து கிடந்தது. மதகுக்குப் பின்னால் மட்டும் குளம்போலத் தண்ணீர் தேங்கி, மேலே பனி ஏடு கட்டியிருந்தது. அடுத்த கிராமம் வளைவுக்கு அப்பால். ஆள் நடமாட்டமே இல்லை.

காவல் அறையைத் திறந்தேன். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த வாடை. தரையெல்லாம் தூசி.

தூசியின்மேல்... ஈரக் கால்தடங்கள்.

ரப்பர் பூட்ஸ் தடம். வாசலிலிருந்து சுவரில் இருந்த டைமர் பெட்டிவரை வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

யாரோ ஆடு மேய்க்கிறவர் வந்திருப்பார் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. வெளியே குளிர் உறைநிலைக்கும் கீழே. அறைக்குள் வைத்த என் தண்ணீர்ப் பாட்டிலில் அதற்குள் ஐஸ் பிடித்துவிட்டது. அந்தத் தடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். தண்ணீர். உறையவே இல்லை.

பெட்டியைத் திறந்து, வந்த செய்திகள் எல்லாம் பதிவாகும் மெமரியை மடிக்கணினிக்கு மாற்றிக்கொண்டேன். வீட்டில் போய்ப் படிக்கலாம் என்று மூடி வைத்தேன். பெட்டியின் திரை வெறுமையாக இருந்தது. எந்த நேரமும் குறிக்கப்படவில்லை. கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் குபானைக் கூப்பிட்டேன்.

"இறங்கப் போறேன்டா."

"சரி. போனை மேலயே வச்சிரு. கீழ ஈரம். போன மாசம்தான் வாங்கினே."

என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். போனைப் பையில் போட்டு அறையிலேயே வைத்தேன். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மணி 5:35.

அந்த இடத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மதகுக்கு முன்னால் ஒரு கான்கிரீட் பள்ளம். இரண்டாள் ஆழம். பள்ளத்தின் மறுமுனையில் குப்பையைத் தடுக்க, தரையிலிருந்து மேலே இருக்கும் நடைபாலம்வரை ஒரு கம்பித் தடுப்பு. அதில் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு. ஏணி இருப்பது கம்பிக்கு வெளியே. சென்சார் இருப்பது உள்ளே, மதகின் காலடியில்.

கதவைத் திறந்து உள்ளே போனேன். சென்சாரில் ஒரு பழுதும் இல்லை. துணியால் துடைத்தேன். பளிச்சென்று இருந்தது. இதற்காகவா என்னை இவ்வளவு தூரம் அனுப்பினான்?

பின்னால்... க்ளங்.

கதவு தானாக மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் விழுந்துவிட்டது.

பயப்படவில்லை. கம்பிக்கு இடையில் கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுத்தேன். நகர்ந்தது. கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன். அசையவில்லை.

அப்போது மேலே ஒரு சத்தம் கேட்டது.

பீ...ப்.

நீளமாக ஒன்று. உலகத்தில் வேறு யாருக்கும் அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியாமல் போகலாம். நான் வைத்த சத்தம் அது. யாரோ எங்கிருந்தோ நேரம் குறித்துவிட்டார்கள்.

"குபான்!" என்று கத்தினேன். முட்டாள்தனம். அவன் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், தலைநகர் பிஷ்கேக்கில் இருக்கிறான். ஏதோ தவறாக அழுத்திவிட்டான், இப்போதே ரத்து செய்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்பியை உதைத்தேன். ஸ்குரூடிரைவரால் நெம்பினேன்.

கைக்கடிகாரத்தில் 5:49.

பெட்டி கத்த ஆரம்பித்தது. பீப்... பீப்... பீப்... நொடிக்கு ஒன்று.

அறுபது எண்ணி முடிக்கும்போது மதகு தூக்கிக்கொள்ளும். குளத்துத் தண்ணீர் முழுவதும் இந்தப் பள்ளத்துக்குள் பாயும். என்னைக் கம்பியோடு கம்பியாக அழுத்தி நசுக்கும். என் கடிகாரம் பிசகாது. அதுதான் பயம். அது பிசகவே பிசகாது.

நாற்பது. ஐம்பது. ஐம்பத்தைந்து...

பீப்-பீப்-பீப்.

சட்டென்று மூன்று. சத்தம் நின்றது.

தள்ளிப்போட்டாயிற்று! குபான் பார்த்துவிட்டான்! கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன். நல்லவேளை... நல்லவேளைடா...

ஆனால் உடனே மறுபடியும் தொடங்கியது. பீப்... பீப்... பீப்...

ஒரே ஒரு நிமிடம்தான் தள்ளிப்போட்டிருந்தான்.

ஏன் ஒரு நிமிடம்? ரத்து செய்ய வேண்டியதுதானே? பத்து என்று அடித்தால் பத்து நிமிடம் கிடைக்குமே?

ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு...

பீப்-பீப்-பீப்.

மறுபடியும் ஒரு நிமிடம்.

இப்படியே நடந்தது. ஒவ்வொரு தடவையும் கடைசி நொடியில். ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம். சாவு வாசல்வரை வந்து திரும்பிப் போனது. நான் நெம்பிக்கொண்டே இருந்தேன். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழுக்கியது.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ...

வாடை வந்தது. சேறும் பாசியும் கலந்த ஈர வாடை. குளிரில் இறுகிக் கிடந்த பள்ளத்தில்.

என் தோள்மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது.

மேலே பார்த்தேன். எதுவும் இல்லை.

காதுக்குப் பக்கத்தில்... யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"இடது பக்கம், தங்கச்சி... கீழ... சேத்துக்குள்ள இன்னொரு கொக்கி..."

திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை.

மண்டியிட்டேன். இடது பக்கம். உறையாமல் இளகிக் கிடந்த சேற்றுக்குள் கையை விட்டேன். இருந்தது... ஒரு கொக்கி. ஸ்குரூடிரைவரைக் கொடுத்துத் தூக்கினேன்.

வரவில்லை.

பீப்-பீப்-பீப்.

"ம்... இன்னும் கொஞ்சம்..."

டக்.

கதவு திறந்தது.

ஏணி. ஏறினேன். கடைசிப் படியில் வயிறு மோத, பாலத்தின்மேல் விழுந்தேன்.

பெட்டி கத்திக்கொண்டிருந்தது. இம்முறை மூன்று பீப் வரவில்லை.

மோட்டார் உறுமியது.

மதகு தூக்கிக்கொண்டது. நான் நின்றிருந்த இடத்தில் தண்ணீர் இடித்துக்கொண்டு விழுந்தது. பாலமே அதிர்ந்தது. மணி 5:59.

தவழ்ந்து அறைக்குள் போனேன். போனை எடுத்துக் குபானைக் கூப்பிட்டேன். நன்றி சொல்ல.

"டேய்... உசிரக் காப்பாத்திட்டடா! நீ மட்டும் தள்ளிப்போடலேன்னா..."

மூச்சு மட்டும் கேட்டது.

"குபான்? நான்தான்டா, அய்ஜா."

மெதுவாகக் கேட்டான். "நீ... மேல வந்துட்டியா?"

என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அடிபட்டதா என்று கேட்கவில்லை. தண்ணீர் வந்ததா என்றுகூடக் கேட்கவில்லை.

மேல வந்துட்டியா. அவ்வளவுதான். இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

பள்ளத்துக்குள் இருந்தபோது வராத குளிர் அப்போதுதான் என் எலும்புக்குள் இறங்கியது.

கால்வாய்க் கரையில் ஒரு விளக்கு ஆடிக்கொண்டே ஓடி வந்தது. தலையில் முக்காடு போட்ட ஒரு பெண். வரும்போதே அலறினாள்.

"யாரு திறந்தது? குளிர்காலத்துல எவன் திறந்தான்? இன்னொரு உசிரும் வேணுமா உங்களுக்கு?"

"அக்கா, நான்... டைமர் செஞ்சவ. உள்ள மாட்டிக்கிட்டேன். தாஷ்மாமத் அண்ணன் சொல்லித்தான் வெளிய வந்தேன். ரஷ்யாவுலேர்ந்து எப்ப வந்தாரு? எங்க அவரு?"

விளக்கை என் முகத்துக்கு நேராகத் தூக்கினாள்.

"ரஷ்யாவா? யாரு சொன்னது ரஷ்யான்னு? என் புருஷன் நவம்பர்லயே போயிட்டாரு. இந்தக் கம்பியிலேர்ந்துதான் அவரப் பிரிச்சு எடுத்தோம்."

அவள் பெயர் உல்ஜான். என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அடுப்பருகே உட்காரவைத்து, கைக்குக் கட்டுப் போட்டு, உப்புப் போட்ட பால் தேநீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, என்னை நேராகப் பார்க்காமலே சொன்னாள்.

"உன் பேரு எனக்குத் தெரியும். உன் கூட்டாளி வந்து சொன்னான். கடிகாரம் செஞ்சவ கணக்குல தப்பு பண்ணிட்டா, அது தானாத் திறந்துக்கிச்சுன்னு. மூணு மாசமா உன்னச் சபிச்சிட்டு இருக்கேன்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று மாதமாகத் தினமும் என்னோடு பேசியவன். நான் கொண்டுபோன ரொட்டியைப் பிய்த்துத் தின்றவன். அத்தனை நாளும் ஒரு மனிதனின் சாவை என் தலையில் கட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தவன்.

"அக்கா, இதுல இருக்கு. என்ன நடந்துச்சுன்னு இதுல இருக்கு." மடிக்கணினியைத் திறந்தேன். கிளம்பும்முன் மறுபடியும் அறைக்குப் போய் அன்று மாலை நடந்ததையும் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்தோம். அவள் என் தோளை ஒட்டி உட்கார்ந்தாள்.

நவம்பர் பத்தொன்பது. கம்பெனியை வாங்க வந்தவர்களுக்கு வேடிக்கை காட்ட, பிஷ்கேக்கில் உட்கார்ந்துகொண்டு குபான் தன் போனிலிருந்து நேரம் குறித்திருக்கிறான். மாலை 5:50. தாஷ்மாமத் உள்ளே குப்பை அள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். கதவின் கொக்கி தானாக விழுகிறது என்று குபானிடம் அவர் இரண்டு தடவை புகார் சொன்னதாக உல்ஜான் சொன்னாள்.

5:49-க்குத் தாஷ்மாமத்தின் எண்ணிலிருந்து ஒரு செய்தி. "1". ஒரு நிமிடம் கேட்டிருக்கிறார்.

பெட்டி மறுத்திருந்தது.

மறுபடியும் "1". மறுப்பு. மறுபடியும். மறுப்பு.

முறை இல்லாத நேரத்தில் தண்ணீர் விடக் கூடாது என்று அவர் தடுத்துவிடுவார் என்பதற்காக, அன்று காலையிலேயே குபான் அவர் எண்ணைப் பெட்டியிலிருந்து நீக்கியிருந்தான். என்னிடம் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

உல்ஜான் அழவில்லை. திரையில் இருந்த அந்த எண்ணை விரலால் தடவினாள்.

நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன். அங்கே எதுவும் இருக்கக் கூடாது.

நவம்பர் இருபது. மாலை 5:49. அதே எண். "1". மறுப்பு.

நவம்பர் இருபத்தொன்று. 5:49. "1". மறுப்பு.

தள்ளிக்கொண்டே போனேன். டிசம்பர்... ஜனவரி... ஒரு மாலைகூட விடவில்லை.

"அவர் போன் யார்கிட்டக்கா இருக்கு?"

அவள் எழுந்துபோய் மூலையில் இருந்த மரப்பெட்டியைத் திறந்து ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்தாள். உள்ளே சேறு அடைத்து, கண்ணாடி நொறுங்கிய போன். "தண்ணியிலேர்ந்து எடுத்ததுலேர்ந்து உயிர் வரல. நம்பரையும் டிசம்பர்ல வெட்டிட்டாங்க."

கடைசிப் பக்கம். அன்றைய மாலை. 5:41-க்குக் குபானின் போனிலிருந்து ஒரு செய்தி. திறக்க வேண்டிய நேரம் 5:50. நான் இறங்கிவிட்டேன் என்று தெரிந்த பிறகு அனுப்பியது. நான் மெமரியைப் படித்தால் நவம்பரில் நடந்தது வெளியே வந்து விற்பனை நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். ரத்து செய்ய அவன் எதுவுமே அனுப்பவில்லை.

அதற்குக் கீழே ஒன்பது வரிகள். ஒன்பதும் தாஷ்மாமத்தின் எண்.

"1". ஏற்கப்பட்டது.

"1". ஏற்கப்பட்டது.

"1"...

அனுமதி பெற்ற எண்களைத் திறந்து பார்த்தேன். இரண்டுதான் இருந்தன. என்னுடையதும் குபானுடையதும். பெட்டியைக் கழற்றி ஓஷுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு கம்பியாக, ஒவ்வொரு கட்டளையாகச் சோதித்தேன். வேறு எண்ணை அது ஏற்கவே ஏற்காது. நூறு தடவை முயன்றேன். நூறு தடவையும் மறுத்தது.

எல்லாவற்றையும் போலீசில் கொடுத்தோம். உல்ஜான்தான் முதல் சாட்சி. விற்பனைக் கையெழுத்து நடக்கவில்லை, கம்பெனியையும் மூடியாயிற்று. குபான் அதற்குள் இஸ்தான்புல்லுக்கு ஓடிவிட்டான்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன வாரம் வந்த ஒரு அழைப்பு. தெரியாத எண். எடுத்ததும் குரல் தெரிந்துவிட்டது.

"அய்ஜா, வச்சிடாதே. அந்த நம்பரை நிறுத்து. நீதான் பண்றேன்னு தெரியும்."

"எந்த நம்பர்?"

"நாலு தடவை சிம் மாத்திட்டேன். தினம் வருது. நம்ம ஊர் நேரப்படி அஞ்சு நாப்பத்தொம்போது. வெறும் ஒண்ணு. ஒண்ணுன்னு மட்டும். நிறுத்து அய்ஜா, உன் கால்ல விழறேன்."

அவன் பேசியது சரியாகக் கேட்கவில்லை. அவனுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம், வரவரப் பெரிதாகிக்கொண்டே இருந்தது.

"ஒண்ணும் கேக்கல. மொதல்ல அந்தக் குழாய மூடு" என்றேன்.

"எந்தக் குழாய்?" என்றான்.